ஆறு பவுண்டு

தெற்கே போகும்போது ஒன்றும் தெரியவில்லை.
நாற்பதாம் எண் சாலை. சரளைக்கல், தரையோடு படிந்த புதர்,
வலப்பக்கம் தூரத்தில் மலைத்தொடர்,
அங்கிருந்து நாளெல்லாம் ஓயாத மேல்காற்று.
என் பழைய ரெனோ, பின்சீட்டில்
நூற்றெண்பது மூக்குக்கண்ணாடி.
பண்ணைக்குப் பண்ணை இறங்கி
எழுத்துப் பலகையைக் கொட்டகைச் சுவரில் மாட்டுவேன்.
ரோமம் கத்தரிப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள்,
ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு,
ஆட்டு வாடையோடு.
வண்டி நூல் பிடித்தாற்போல் போனது.

திரும்பும்போதுதான்.
வடக்கே முகம் திருப்பியதும்
ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது,
கடைத்தெருவில் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை மாதிரி.
காற்று என்றுதான் நினைத்தேன்.
இடக்கையை இறுக்கி எழுபது கிலோமீட்டர்.
தோள்பட்டை கல்லாகிவிட்டது.
போனில் தங்கை சிரித்தாள்:
"அனிபால் இறங்கிப் போன பக்கம்தானே இழுக்குது?"
அவள் அப்படித்தான், எதையும் கதையாக்கிவிடுவாள்.
அனிபால் போய் மூன்று வருஷம்.
இந்த இழுப்புக்கு வயசு
ஒரு வாரம் இருந்தால் அதிகம்.

ரியோ மாயோவில் ஒரு டயர் கடை.
கடை என்றால்
லாரி டயரில் வெள்ளை பெயிண்டால் எழுதிய பெயர்,
தகரக் கதவு, கம்ப்ரசர், ஒரு நாய்.
எவரிஸ்தோ அந்தியெக்கோ
மாத்தே குவளையை என் பானட் மேல் வைத்துவிட்டு
வண்டியைச் சுற்றி வந்தான்.
குனிந்து, மீட்டரை வால்வில் அழுத்தி,
எடுத்து, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தான்.
இன்னும் தள்ளினான். கை போதவில்லை.
"முப்பது. நாலும் முப்பது.
காற்றுதான் சென்யோரா, வெறும் காற்று."

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
அப்படி நீளும் கைகளை நம்பித்தான்
பதினோரு வருஷமாக என் பிழைப்பு.
பின்கதவைத் திறந்து
பிளஸ் இரண்டு, கறுப்பு பிரேம்,
ஒன்றும் பேசாமல் அவன் மூக்கில் மாட்டினேன்.
மீட்டரைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
மறுபடி மீட்டர்.
"இருபத்திநாலு," என்றான், கோள் சொல்வதுபோல மெதுவாக.

வால்வில் எச்சில் தொட்டு வைத்தான்.
ஒரு குமிழி வந்து உடைந்தது.
இன்னொன்று வந்தது.
மூடி எங்கோ விழுந்திருக்கிறது. உள்ளே மணல்.

வெளியே தகரக் கூரையைப் பிய்க்கிற காற்று,
உள்ளே ஆறு பவுண்டு காற்று பற்றாக்குறை.
போகும் வழியெல்லாம்
வெளியே இருந்தது இடப்பக்கம் தள்ள
உள்ளே இல்லாதது வலப்பக்கம் இழுக்க
நடுவில் நான்
எவ்வளவு நேராக ஓட்டுகிறேன் என்று
விசிலடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

புது வால்வு. முப்பது பவுண்டு.
காசு வேண்டாம் என்றான், கண்ணாடியைக் கழற்றாமல்.
சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இந்தக் குளிர்காலம் முழுக்க
யார் யாருக்கு எவ்வளவு அடிச்சேனோ."
அப்போது ஒரு பிக்கப் கடந்தது,
லேசாக ஒரு பக்கமாக.
எனக்குத்தான் அப்படிப் பட்டதோ என்னவோ,
நாயும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஊர் தாண்டி, தார் ரோடு.
வண்டி நேராகத்தான் போனது. கைதான் போகவில்லை.
எழுபது கிலோமீட்டர் பழகிய இடக்கை
இல்லாத இழுப்பைத் திருத்தித் திருத்தி
மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.
எதிரே ஆட்டு லாரி. நீண்ட ஹாரன்.
மூன்று தட்டு நிறைய கண்கள்
என்னை ஒட்டிக் கடந்தன.

ஓரங்கட்டினேன்.
கையை மடியில் வைத்து
விரல் விரலாகப் பிரித்தேன்.
இறங்கி டயரைப் பார்க்கலாம் என்று கதவைத் தள்ளினால்
வெளியிலிருந்து காற்று
திறக்க விடவில்லை.